மூன்று விரல் உப்பு

மாரிச்சாமியின் வலது கை ஓர் எறும்பின் காலுக்கு மை ஏற்றிக்கொண்டிருந்தது. இடது கை, வலது மணிக்கட்டை அசையாமல் பிடித்திருந்தது. ஒரு கோடு முடியும்வரை மூச்சு விடமாட்டார். முடிந்ததும் குதிரைபோல ஊதுவார். கூடலூரில் அவருடைய ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள், கோபத்தில் இருக்கிறார் என்று வாசலிலேயே நின்றுவிடுவதுண்டு.

கல்யாண ஜோடிகளை எடுப்பதைவிட, பெரிய தாளில் கோடுகளால் வரைந்ததைக் காமிராவில் பிடித்து உள்ளங்கை அளவுக்குச் சுருக்குவதுதான் அவருக்குப் பிடித்த வேலை. வீட்டு வரைபடம், தேயிலைப் பொட்டலத்துப் படம், கோயில் தேர், எதுவானாலும் சரி. சுருக்கினால் மெல்லிய கோடு மறைந்துவிடும் என்பது அவருடைய தீராத கவலை. அதனால் எல்லாக் கோடுகளையும் முதலில் தடிக்க வைப்பார். "கோட்டுக்கும் தீனி போடோணுமுங்க. ஒல்லியா இருந்தா சிறுசாகறப்பத் தாங்காது." இதைச் சொல்கிறவர் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

அது இலங்கையிலிருந்து குடும்பங்கள் இன்னும் வந்திறங்கிக்கொண்டிருந்த காலம். ஆடி மழையில், அவர்கள் குடியிருந்த ஓவேலி எஸ்டேட் லய வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதற்குக் கொடுக்க வேண்டிய உப்புச் சர்க்கரைத் தண்ணீரை எப்படிக் கலப்பது என்று எஸ்டேட் நர்ஸ் சுலோச்சனா பெரிய தாளில் ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தாள்: ஒரு செம்பு கொதித்தாறிய தண்ணீர், ஜாடியிலிருந்து மூன்று விரலால் கிள்ளிய உப்பு, எறும்பு மொய்க்கும் டப்பாவிலிருந்து ஒரு பிடி சர்க்கரை. எழுத்தே கிடையாது, படிக்காத தாய்க்கும் புரிய வேண்டும். வீட்டுக்கு ஒரு சிறிய அட்டை. எறும்பு மறைந்தால் எது சர்க்கரை என்று தெரியாமல் போகுமே என்று, மாரிச்சாமி எறும்பையும் கைகளையும் தாராளமாகத் தடிக்க வைத்தார்.

காமிராவில் சுருக்கி எடுத்த அட்டைகளைக் கரியடுப்புக்கு மேலே காயவைத்து, சாயங்காலம் ஒரே கட்டாகக் கட்டினார். வாங்கிப்போக எஸ்டேட் ஜீப்பில் வந்தவள் கருப்பம்மா. இலங்கையில் நானுஓயாவில் பிறந்து கப்பலில் வந்தவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். மேலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"தண்ணி ஒரு செம்பு. உப்பு ஒரு பிடி. சீனி ஒரு பிடி. சரிங்க ஐயா."

"உப்பு எத்தனைன்னீங்க?"

"ஒரு பிடி. கை மூடித்தானே இருக்கு."

மாரிச்சாமி வாங்கிப் பார்த்தார். தடித்த கோடுகள் சுருங்கியபோது ஒன்றோடொன்று ஒட்டி, விரல்களுக்கு நடுவே இருந்த வெள்ளை அடைபட்டிருந்தது. கிள்ளிய விரல்கள் முட்டியாகிவிட்டன. எறும்புகள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. பேதியில் வற்றிய குழந்தைக்கு அவ்வளவு உப்பைக் கொடுத்தால் பிழைக்காது.

விஷயத்தைச் சொன்னதும் கருப்பம்மா அட்டையை மறுபடி பார்த்தாள். "இதக் குடுத்திருந்தா வயித்தால போறது நின்னிருக்கும் ஐயா. மூச்சும் சேந்து நின்னிருக்கும்."

"ஒண்ணும் வெளிய போகலீங்கல்ல?"

"எங்க போகும்? கட்டு ஒங்க மேசையிலதானே கெடக்கு."

மாரிச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. கருப்பம்மா வாசலுக்குப் போனாள். "அட்ட நாளைக்குத்தான். நான் தங்கச்சி வூட்டுல படுத்துக்கிறேன். அதுவரைக்கும் நர்ஸம்மாவ வாயாலயே சொல்லச் சொல்லு" என்று டிரைவரை அனுப்பிவைத்தாள்.

உப்புக் கையை மட்டும் மாரிச்சாமி புதிதாக வரைந்தார்: மூன்று விரல், இடையில் நல்ல அகலமாக வெள்ளை. அவர் பார்த்து வரைவதற்காகக் கிள்ளுகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்த கருப்பம்மா, "மருதாணியா வைக்கப் போறீங்க, இம்புட்டு நேரம்?" என்றாள்.

மறுநாள் காலை, பால் ஊற்ற வந்த ராமாத்தாளிடம் புது அட்டையை நீட்டினார். மேசையில் செம்புத் தண்ணீர், உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா.

"இதுல இருக்கறபடி செய்யுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

"ஏனுங், காலங்காத்தால இதென்ன பரீட்ச" என்றபடி அவள் அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். மூன்று விரலால் உப்பைக் கிள்ளிப் போட்டாள். சர்க்கரையை ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

மாரிச்சாமி செம்பை அவள் கையிலிருந்து வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.