வெள்ளிக்கிழமை வீட்டில் விட்ட ஊசி

என் மகள் கவினாவுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். அதற்கான அவசர ஊசி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் கோயில் பையோடு கிளம்பிவிடுவேன்; அன்று எல்லாரும் சைவம்தானே.

அப்படி ஒரு வெள்ளி மாலை வெஸ்ட் ஈலிங் கோயிலிலிருந்து திரும்பும்போது, வழியிலிருந்த சந்தையில் ஜப்பானிய ஒசாகா நகரத் தெருச் சாப்பாட்டுக் கடை ஒன்றைக் கண்டோம். ஒசாகா போனால் கட்டாயம் ஒக்கோனோமியாக்கி சாப்பிட வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவளை நிறுத்த முடியவில்லை. கோவா, அதுதான் முட்டைக்கோஸ், கலந்த மாவில் சுடும் தடித்த ரொட்டி அது. சைவமா என்று கேட்டேன். இறைச்சி இல்லை, கோவாதான் என்றார் கடைக்காரர். எனக்கு அது போதுமாயிருந்தது.

சுடச்சுட வந்த ரொட்டியின் மேல் மரச்சீவல் போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. கவினா ஒரு துண்டை வாயில் வைத்தபோதுதான் அந்த மணம் எனக்கு எட்டியது. மாசிச் சம்பல் இடிக்கும்போது வரும் அதே மணம்.

"துப்பு பிள்ளை. அது மாசி, மீன்."

துப்பிவிட்டாள். ஆனால் கீழுதடு தடிக்கத் தொடங்கியது.

"ஊசி எங்கை அம்மா?"

பைக்குள் கைவிட்டேன். அர்ச்சனைப் பூவும் திருநீறும்தான் இருந்தன.

அம்புலன்ஸ் வரும்வரை, "மூச்சு விட ஏலுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஓம்" என்ற அவள் குரல் ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் ஊசி போட்ட பிறகே நான் மூச்சு விட்டேன். மாவிலும் மீன் சாறு உண்டு என்று கடைக்காரர் அப்போது சொன்னார். மீன் பற்றிக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்.

இப்போது எந்தக் கடையிலும் சைவமா என்று கேட்பதில்லை. மீன் இருக்கிறதா என்றே கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கோயில் பையில் தேங்காய்க்கு முன் போவது ஊசிதான்.