தேர் எங்கள் தெருவுக்குள் வந்தது

மாதாவின் பிள்ளைகளே, சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்தில் களையெடுத்துப் பிழைக்கிற ஆரோக்கியமேரி நான். போன வருஷம் என் வீட்டுக்காரர் அந்தோணி, பெரிய தெருக்காரர் ஒருவரின் தோப்பில் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு முறிந்து படுத்த படுக்கையானார். தோப்புக்காரரும் எங்கள் கோயில்காரர்தான், தேர்க் கமிட்டித் தலைவர். ஆனால் எங்கள் காலனித் தெருவுக்குள் கால் வைக்க மாட்டார். ஆள் விட்டுக்கூட விசாரிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"செத்தா போதும்டி" என்று இவர் சோற்றைத் தள்ளினார். "அதுக்கு முன்ன மாதா தேர ஒரு தபா பாக்கணும்."

தேர் எங்கள் தெருவுக்கு வராது. கரண்டுக் கம்பி தாழ்வாக இருக்கிறதாம். ஊருக்குக் கரண்டே வராத காலத்திலும் வந்ததில்லை! முக்கு ரோட்டில் காத்திருந்துதான் வேண்டிக்கொண்டு தேர்மேல் உப்பும் மிளகும் போடுவோம். ஜெபமாலையைப் பிடித்து அழுதேன். "அவரால வர முடியாது தாயே. நீதான் வரணும்."

திருவிழா நேரத்தில் தண்ணீர்க் குழாய்க்காகப் பெரிய தெரு முழுக்கப் பள்ளம் தோண்டினார்கள். எங்கள் தெருவை விட்டால் தேருக்கு வழியில்லை. அந்த வருஷம் தேரே வேண்டாம் என்றார்களாம் கமிட்டியில். பங்குச் சாமியார் விடவில்லை. "ஏழைங்கள ஒதுக்கிட்டு மாதாவ மட்டும் எப்படிங்க கும்பிடறது?" என்று கேட்டுவிட்டார்.

கரண்டை நிறுத்தி, கழியால் கம்பியைத் தூக்கினார்கள். இவ்வளவுதான் வேலை! தேர் எங்கள் வாசலில் நின்றது. இவர் கட்டிலில் படுத்தபடியே உப்பு மிளகை வீச, அதில் பாதி, தேரோடு நடந்துவந்த தோப்புக்காரர் தலையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தோணி, இன்னாடா இப்டி ஆய்ட்ட?"

"வுழுந்ததுலேர்ந்து இப்டியேதாங்க கெடக்கறேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாளே தன் காரில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்யவைத்தார். "இத தானம்னு நெனைக்காதீங்க. உங்க தோப்புல உழைச்சவருக்கு இது நியாயம்" என்றார் சாமியார். இன்று என் வீட்டுக்காரர் கோல் ஊன்றி நடக்கிறார். மாதாவே, உனக்குக் கோடி நன்றி.

இந்த வருஷம் பெரிய தெருவில் புது ரோடு. தேரை இழுக்கிற டிராக்டர்காரர் பழக்கத்தில் அந்தப் பக்கம் திருப்பினார். "எங்கப்பா போய்க்கினு இருக்க? காலனிக்கு வுடு" என்று தோப்புக்காரர் சத்தம் போட்டது எங்கள் தெருவரைக்கும் கேட்டது.

ஒதுக்கப்பட்டோமே என்று அழுகிறவர்களே, மாதாவிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். நான் கேட்டேன், வந்தாள்.