சேந்தமங்கலத்துத் தம்பதி சீமைக்குக் கிளம்பியது

சேலத்தில் கடல் கிடையாது. இருந்தும் அங்கே கப்பல் டிக்கெட் விற்றுப் பிழைத்தவன் நான். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷம் முன்னால், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பினாங்குக்கோ கொழும்புக்கோ போகிறவர்கள். மேஜைக்கு எதிரே நிற்பவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்த அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி, மேலே படியுங்கள்.

பட்டணம் வேண்டாம்

ஒரு நாள் சேந்தமங்கலத்துச் செங்கோடக் கவுண்டர், மனைவி பாவாயியம்மாளோடு வந்தார். நல்ல பூமி, வற்றாத கிணறு, பட்டி நிறையக் கம்பளியே இல்லாத மேச்சேரி ஆடு என்று வசதியாக இருந்தவர். "சீமை பாக்கோணுமுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சீமைக்கு டிக்கெட் கேட்டு என் மேஜைக்கு அதுவரை யாருமே வந்ததில்லை. லண்டன், பாரிஸ், ரோம் என்று அடுக்கினேன். அரண்மனை, கோபுரம், பூமிக்கடியில் ஓடுகிற ரயில் எதையும் விட்டுவைக்கவில்லை.

கவுண்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சுவரில் நாங்கள் மாட்டியிருந்த இங்கிலீஷ் கிராமத்துப் படத்தைக் காட்டினார். அதில் ஒரு பச்சை மேடு, அதன்மேல் கம்பளிக்குள் முகம் புதைந்த நாலைந்து ஆடுகள். "பட்டணம் பாக்கறதுன்னா மெட்ராசுக்குப் போயிட்டு வந்துருவமுங்க. இந்த மாதிரி ஊரா ரெண்டு, கடலோரமா ரெண்டு சொல்லுங்க. இவளுக்குக் கடலு பாக்கோணுமாம். எனக்கு, இந்த ஆட்டுக்கு இத்தனை மசுரு எதுக்குன்னு கேக்கோணும்."

புகழப் புகழ

மெட்ராஸ் ஆபீஸிலிருந்து புஸ்தகங்களை வரவழைத்துப் படித்து வைத்தேன். அடுத்த முறை இருவரும் வந்தபோது மேஜைமேல் தேசப்படத்தை விரித்து, பிரான்சில் ஒரு மீனவர் ஊரைக் காட்டினேன். "ஜனங்க எப்படிங்க?" என்றார் கவுண்டர். "தங்கமான ஜனங்கள்! வந்தவர்களிடம் குடும்பம், குழந்தை குட்டி எல்லாம் விசாரித்து, சொந்தக்காரர்கள் மாதிரி பார்த்துக்கொள்வார்கள்" என்று அளந்தேன். அந்த ஊர் வேண்டாம் என்றார். சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றைக் காட்டி, இன்னும் ஒரு படி கூடவே அளந்தேன். அதுவும் வேண்டாம் என்றார். இத்தாலிக்கும் அதே கதிதான். உட்கார்ந்த இடத்திலேயே பாதி ஐரோப்பா காலி. எனக்கு அழுகை வராத குறை.

பாவாயியம்மாள் பூ வாங்க எதிர்க் கடைக்குப் போனார். கவுண்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அதற்குப் பயந்து அம்மாள் இப்போது உறவுக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லையாம். கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கவுண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புள்ளை குட்டி எத்தனைன்னு கேக்காத ஊரா நாலு பாத்துக் குடுங்க சாமி. எத்தனை தொலைவானாலும் செரி."

மானேஜர் காதில் விழுந்தது

அதற்குப் பிறகு என் வியாபாரத்தை அப்படியே தலைகீழாக மாற்றினேன். "இந்த ஊர்க்காரர்கள் சரியான சிடுமூஞ்சிகள். பக்கத்து வீட்டுக்காரரோடுகூடப் பேச மாட்டார்கள்" என்றேன். கவுண்டர் முகம் மலர்ந்தது. அந்த ஊரைச் சேர்த்துக்கொண்டோம். "இங்கே விடுதிக்காரி சாவியைக் கொடுப்பதோடு சரி, ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்" என்றேன். அதையும் சேர்த்துக்கொண்டோம். இதெல்லாம் எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத என் சொந்தச் சரக்கு. இங்கிலாந்தில் ஆடு மேய்கிற கிராமம் ஒன்று, கடற்கரை ஊர் ஒன்று, பிரான்சில் ஒன்று, சுவிட்சர்லாந்தில் ஒன்று என்று நாலு ஊர் இப்படித்தான் தேறின.

என் போதாத காலம், அன்றைக்குப் பார்த்து மெட்ராஸ் மானேஜர் ஆபீஸைப் பார்வையிட வந்து, கதவருகே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். தம்பதி படியிறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, உன்னை இங்கே டிக்கெட் விக்க உட்கார வச்சிருக்கோமா, இல்லே வெள்ளைக்காரனைத் திட்ட உட்கார வச்சிருக்கோமா?"

கூப்பிடாத ஊர்

கப்பலில் இடம் பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. அதுவரை வாயே திறக்காத பாவாயியம்மாள் கவுண்டர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நம்மளை ஆருங்க கூப்புட்டாங்க?" என்றார். அவர்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத இடத்துக்கு ஒருவரும் போக மாட்டார்கள். அது விடுதி, பணம் கட்டினால் யாரும் தங்கலாம் என்று நான் விளக்கிப் பார்த்தேன். அம்மாள் மசியவில்லை. கூப்பிட்ட வீடுகளுக்கே போகாமல் நின்றுவிட்டவர், கூப்பிடாத ஊருக்கு எப்படிப் போவார்? கவுண்டர் முகம் சுண்டிப்போயிற்று. இனி அம்மாள் எங்கேயும் வரப்போவதில்லை என்றே நினைத்துவிட்டார்.

நான் நாலு ஊர் விடுதிக்கும் கடிதம் போட்டேன். அந்த அம்மாளைப் பேர் சொல்லி அழைத்து இரண்டு வரி எழுதுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தேன். மூன்று பேர் வாடகை விவரத்தை மட்டும் அனுப்பினார்கள். ஆட்டுக் கிராமத்து விடுதிக்காரி மட்டும், "அன்புள்ள பாவாயியம்மாள், நீங்களும் உங்கள் கணவரும் அவசியம் வர வேண்டும். உங்களுக்காகக் காத்திருப்பேன்" என்று எழுதியிருந்தாள். அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பேரச் சொல்லியாங்க கூப்புட்டிருக்காங்க? இன்னொருக்காப் படிங்க சாமி."

மூட்டை

வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனவன், பிளாட்பாரத்தில் குவித்திருந்த மூட்டைகளைப் பார்த்து மலைத்துப்போனேன். ராகி மாவு, பருப்புப் பொடி, வெல்லம், ஒரு டின் நெய், தேங்காய்கள். கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு போடுவார்கள், இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். பாவாயியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது கப்பலுக்கு இல்லீங்க சாமி. கூப்புட்டவங்க ஊட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க?"

விசாரித்துவிட்டார்கள்

சில மாதம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். கவுண்டர் உள்ளே நுழையும்போதே என்னை முறைத்தார். "கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே, மொத ஊர்லயே கேட்டுட்டாங்க!" என்றார். கேட்டவள் வேறு யாருமில்லை, கடிதம் எழுதிக் கூப்பிட்ட அதே விடுதிக்காரிதான். பாஷை தெரியாததால் இரண்டு கையாலும் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டிக் கேட்டாளாம். நான் அத்தனை பாடுபட்டு ஊர் பொறுக்கியது இந்த ஒரு கேள்விக்குத் தப்பிக்கத்தானே!

பயந்துகொண்டே பாவாயியம்மாளைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இல்லீன்னு கையை விரிச்சனுங்க. தனக்கும் இல்லீன்னு அந்தம்மாளும் கையை விரிச்சாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. என்னைய அடுப்படிக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடலைக்கூட அவங்கதானுங்க கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க. அப்பறம் மத்த ஊருக்கெல்லாம் எதுக்குன்னு அங்கயே இருந்துட்டமுங்க."

ஆக, புஸ்தகம் புஸ்தகமாகப் படித்து நான் போட்டுக் கொடுத்த நாலு ஊர்த் திட்டத்தில் சொன்னபடி நடந்தது, கப்பல் கிளம்பிய நாள் ஒன்றுதான்.