எஸ்தர் நூல் போட்டு அளந்த விமானங்கள்

போன வாரம் என் மகள் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பையன் விமானம் விமானமாக ஏறி, விமானி உட்காரும் இடத்தில் தன்னைத் திணித்துக்கொண்டு, இது தாராளம், இது நெருக்கடி என்று கையை விரித்துக் காட்டுகிறான். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பழைய போர் விமானம் ஒன்று வந்தது. "மிக் பிளேன்ல தோள் இடிக்கும். முட்டி இடிக்கிறது நாட் பிளேன்ல" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். போளூர் பஸ்ஸில் ஏறினாலே ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஆச்சரியம். "எஸ்தர் பெரியம்மா அளந்துகினு வந்து சொன்னா" என்றேன். சொன்ன பிறகு கீரையில் கை ஓடவில்லை.

எஸ்தர் என் பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். ஆரணியில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், நடுவில் தறி ஓடும் கூடத்தை வைத்துக்கொண்டு இருந்தோம். பள்ளியில் ஒரே பெஞ்சு, கோயில் பாட்டுக்குழுவில் ஒரே வரிசை. டீச்சர் என்னைக் கேள்வி கேட்டால் பதில் எஸ்தரிடமிருந்து வரும். கடையில் எனக்கு வளையல் வாங்கினால் எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவள்தான் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள். அதனால் எனக்கும் வாய் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயசீலன், போளூர்க்காரர், விமானப்படையில் வேலை. விமானம் ஓட்டுகிறவர் அல்ல. விமானி உட்காரும் காக்பிட்டுக்குள் இருக்கும் கடிகாரம் போன்ற வட்டங்களையெல்லாம் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கிறவர். ஆனால் எங்கள் தெருவுக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை புரியவில்லை. மாப்பிள்ளை பிளேன் ஓட்டுகிறார் என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை, மனசுக்குள்கூட.

பாய் விரித்து உட்கார வைத்தோம். நான் காப்பி கொடுத்தேன். எஸ்தர் மிக்சர் தட்டோடு என் பின்னால் நின்றாள். அவர் நேர்மையான மனிதர். சுற்றி வளைக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"வடக்க குவார்ட்டர்ஸ் ரொம்ப சின்னதுங்க. ஒரே ரூமு. இடம் போதுமா?"

போதும் என்று சொல்ல எனக்கு ஆசை. சத்தியமாகச் சொல்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காப்பித் தட்டைப் பார்த்தேன். எனக்கு உதவி செய்வதாக நினைத்து, வழக்கம்போல எஸ்தர் சொன்னாள்:

"அவளுக்கென்னங்க, கால நீட்ட இடம் இருந்தா போதும். இந்தக் கூடத்துல தறிய வுட்டுட்டு மிச்ச எடத்துலதான நாங்க இத்தன பேரு படுக்கறோம்."

கூடமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் ஐயர் வழியாகச் சேதி வந்தது. எங்கள் கோயிலில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்தப் பேசின பெண்ணைக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எஸ்தர் அழுதாள், முடியாது என்றாள். என்னிடம் வந்து, "உனக்கு இதுல ஒன்னும் இல்லியே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லன்னுட்டு மூஞ்சியே சொல்லுது" என்று அவளே முடித்துவிட்டாள். கல்யாணத்துக்கு அவளுக்குத் தலை பின்னியது நான்தான்.

எனக்கும் அடுத்த வருசமே கல்யாணம் ஆனது. தறிக்காரர், சேவூரில் வீடு, நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஜெயசீலன் மாமா மேலும் எனக்கு ஒன்றும் இல்லை. நம்புங்கள். என் வயிறு எரிந்தது எல்லாம் அந்தக் காக்பிட்டை நினைத்துத்தான்.

விமானப்படை முகாமில் வருசத்துக்கு ஒருநாள் குடும்பங்களை உள்ளே விடுவார்களாம். விமானங்களை வரிசையாக நிறுத்தி, ஏணி போட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி உட்கார வைப்பார்களாம். போட்டோ எடுக்கக் கூடாது. எஸ்தர் நெசவுக்காரர் வீட்டுப் பெண் அல்லவா? தறிக்கூடத்தில் எதை அளக்கவும் எங்களுக்குக் கைக்கு வருவது நூல்தான். முந்தானை அகலம், வாசல்படி, பிள்ளையின் இடுப்பு எல்லாம் நூலால்தான். அறுந்த பட்டு நூலைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போயிருக்கிறாள். காக்பிட்டில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்வதுபோல, இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரை பிடித்து, பல்லால் கடித்து அறுத்துக்கொண்டாளாம். கீழே ஏணியைப் பிடித்திருந்த மாமாவுக்கு வேலை போய்விடுமோ என்று வியர்த்துக் கொட்டியதாம்.

கிறிஸ்துமசுக்கு லீவில் வந்ததும் அந்த நூல்களைக் கூடத்துத் தரையில் நீட்டி வைப்பாள். பச்சை நூல் நாட். சிவப்பு மிக். மாம்பழ நிறம் டகோட்டா, ஆளும் சாமானும் ஏற்றும் பெரிய விமானம். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக நூலின் இரண்டு முனைக்கும் நடுவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பச்சைக்குள் சின்னப் பெண்கள்தான் அடங்குவார்கள். எஸ்தரின் அம்மா ஒருதரம் உட்கார்ந்து, நூல் எங்கே போனது என்றே தெரியாமல் போய், பெரிய சிரிப்பு. டகோட்டா அப்படி இல்லையாம். அது வாலை ஊன்றிக்கொண்டு நிற்பதால் உள்ளே மேட்டில் ஏறுவதுபோல நடந்து போக வேண்டுமாம். போனால் முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், நடுவில் ஒருத்தி நின்று வாயடிக்கலாம்.

"மிக்குல மூடிய சாத்தனாங்க பாரு, மூச்சு முட்டிப் போச்சுடி. பேஜாரு" என்பாள்.

எனக்கு அதுதான் தாங்காது. நெருக்கடியைக்கூடப் பெருமையாகச் சொல்ல அவளால் முடிந்தது. என் வீட்டு நெருக்கடியை நான் சொன்னால் அது வெறும் புலம்பல். நான் மட்டும் எந்த நூலுக்குள்ளும் உட்காரவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். ஒருதரம் யாரும் இல்லாதபோது பச்சை நூலை எடுத்துப்போய் என் சமையலறையில் பிடித்துப் பார்த்தேன். அடுப்பு மேடைக்கும் பின்சுவருக்கும் நடுவில் நாட் விமானம் கச்சிதமாக இருந்தது. மாமாவின் பெட்டியைத் திறந்தால் எப்போதும் ஒரு எண்ணெய் வாசனை வரும், எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனையேதான். அதற்குப் பிறகு ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போதெல்லாம், பம்பு அடித்து அது சீறும்போதெல்லாம், எனக்கு எஸ்தர் மேல் கோபம் வந்தது. பாவம், அந்த நேரத்தில் அவளும் எங்கோ வடக்கே ஸ்டவ்தான் பற்றவைத்துக்கொண்டிருப்பாள். அதெல்லாம் அப்போது தோன்றாது.

என் வீட்டுக்காரர் வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவார். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு எஸ்தரிடம், "நாந்தான் தெனமும் காக்பிட்ல உக்காந்துகினு இருக்கறேன். இன்னா ஒன்னு, எத்தினி மிதி மிதிச்சாலும் மேல ஏற மாட்டேங்குது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், மாமா எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்காது.

எண்பதுகளில் மாமாவுக்கு மெட்ராஸ் பக்கம் மாற்றல் வந்தது. எஸ்தர் பஸ் ஏறி நேராக என் வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் குடும்பங்களை விடுகிறார்கள், எனக்கும் சேர்த்து அனுமதி வாங்கியாகிவிட்டது என்றாள்.

"வாடி. பேசாம உக்காந்து வயிறு எரியறதுக்கு ஒருதரம் நேரா வந்து பாத்துடு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருசமும் தெரிந்தேதான் நூலை நீட்டியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. ஆனாலும் கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

வெயிலில் நீண்ட வரிசை. எங்கள் முறைக்கு வந்த விமானத்தின் பெயர் கிரண். பைலட்டுகளுக்குப் பாடம் சொல்லித்தரும் விமானமாம். அதனால் சொல்லித்தருகிறவரும் கற்றுக்கொள்கிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி இரண்டு இருக்கை. எஸ்தர் முதலில் ஏறினாள். பட்டுப் புடவையைக் கணுக்காலோடு பிடித்துக்கொண்டு நான் ஏணியில் ஏறியதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. உள்ளே மண்ணெண்ணெய், ரப்பர், யாருடையதோ பழைய வியர்வை. முன்னால் மாமா பழுது பார்க்கும் வட்டங்கள். ஆளுக்கொரு ஓட்டும் பிடி, கால்களுக்கு நடுவில். என் இடது கை எஸ்தரின் வலது கையோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட பெஞ்சில் இருந்ததுபோலவே.

ஏணியில் நின்றிருந்த மாமா எங்களைப் பார்த்துக் கேட்டார். ஏறின எல்லோரையும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடம் போதுதா?"

"அவளுக்கென்ன, கால நீட்ட இடம் இருந்தா போதும்" என்றாள் எஸ்தர்.

முன்பு சொன்னது அவளுக்கு நினைவு இருந்திருக்காது. சும்மா வந்த வார்த்தை. ஆனால் எனக்கு மிக்சர் தட்டு, பாய், மாப்பிள்ளையின் அம்மா சிரித்த சிரிப்பு எல்லாம் கண்முன் வந்தது.

"போதல" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னா போதல?"

"போதல."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போனது. என்ன புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. என் தொடைக்கடியில் மாட்டியிருந்த தன் முந்தானையை மெதுவாக உருவினாள். "நவுருங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு என்னைத் தாண்டி ஏணியில் இறங்கிப் போய்விட்டாள். கீழே வரிசையில் யாரோ ஜல்தி ஜல்தி என்றார்கள்.

காக்பிட் முழுவதும் எனக்கு. இரண்டு கையையும் விரித்தேன், எதுவும் இடிக்கவில்லை. பக்கத்து இருக்கையைத் தொட்டேன். அவள் உட்கார்ந்திருந்த சூடு அப்படியே இருந்தது.

கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "இப்ப போதுதா?"

நான் பக்கத்து இருக்கையிலிருந்து கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள், "போதுமாம். எறக்குங்க."

பஸ் ஏறும்வரை அவள் என் கையை விடவில்லை. அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை. அடுத்த கிறிஸ்துமசுக்கு வந்தபோது கிரண் நூல் எங்கே என்று நானே கேட்டேன். "அதுக்கு எதுக்குடி நூலு? நீயே உக்காந்து பாத்துட்டியே" என்றாள். மற்ற நூல்களையும் அந்த வருசம் அவள் பிரிக்கவில்லை.

அவர்கள் வடக்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். எஸ்தர் இறந்துபோன சேதி வந்தபோது எனக்குக் காலில் கட்டு, போக முடியவில்லை. நூல்கள் என்ன ஆயின என்று மாமாவைக் கேட்கவும் வாய் வரவில்லை. ஆரணி வீட்டுக் கூடம் இப்போது செல்போன் கடை. பையன்கள் டகோட்டா இருந்த இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணாடி மாற்றுகிறார்கள். பொறாமைப்படவும் இப்போது எனக்கு ஆள் இல்லை. யாராவது வீடு கட்டினால், கார் வாங்கினால், நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லவில்லை. கிரண் என்று ஒன்றில் நானும் எஸ்தர் பெரியம்மாவும் ஒருதரம் உட்கார்ந்தோம் என்று மட்டும் சொன்னேன். அவள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

"நெஜமாவா? ரெண்டு பேருக்கும் இடம் போதுச்சாம்மா?"

நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. பதில் வரும் என்று, எஸ்தர் உட்காரும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன்.