வலது கையை நினைத்தபோது

என் வலது கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று. பர்மா எல்லையில், மலைப்பாதையில் எங்கள் பட்டாள லாரி கவிழ்ந்தபோது அடிபட்டது தலையில், இடது காதுக்கு மேலே. காயம் ஆறி அதன்மேல் முடியும் முளைத்துவிட்டது. கை மட்டும் அன்றைக்குத் தோளிலிருந்து தொங்க ஆரம்பித்ததுதான், திரும்பவேயில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு நான் முழு ஆள்.

வடக்கே ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே சந்தேகம் தொடங்கிவிட்டது. சண்டைக்குத் திரும்பப் பயந்து நொண்டுகிறவர்களும் ஊமையாகிறவர்களும் உண்டு. நானும் அந்த ரகமோ என்று ஒரு மேஜர் என் கையை ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். அங்கே இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். மூளைக்குள் ஓடும் மின்சாரத்தை அளக்கிற மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு அதோடு குடும்பம் நடத்தாத குறைதான். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்த் தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டினார். கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தால் ஓடும் காகிதத்தில் பேனா அலை அலையாக எழுதும். கையை அசைத்தால் அலை அடங்கும். அதுதான் கணக்கு.

முதலில் இடது கையை மூடச் சொன்னார். மூடினேன். அலை அடங்கியது. பிறகு வலது கையை மூடச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். கை விறகுக்கட்டையாகக் கிடந்தது, ஆனால் அலை அப்போதும் அடங்கியதாம். மூன்றாவதாக, எந்தக் கையையும் அசைக்காமல், வலது கையை அசைப்பதாக நினைக்க மட்டும் வேண்டும் என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. நினைப்பதற்கும் முயல்வதற்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது? டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்ல உதவிய வார்டு ஆள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். அவர்தான் வழி காட்டினார். "சோறு பெசையுத மாதிரி நெனைச்சுக்கிடும்வே. கைய ஆட்டப்பிடாது" என்றார்.

அம்மா வைத்த தயிர்ச் சோற்றை நினைத்தேன். எச்சில் ஊறி விழுங்கிவிட்டேன். பேனா தாறுமாறாகக் குதித்ததென்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். விழுங்காமல் மறுபடி நினைத்தபோது அலை கொஞ்சம் அடங்கியதாம்.

"உன் தலையிலிருந்து உத்தரவு புறப்படுகிறது, கைக்குப் போய்ச் சேரவில்லை என்று நான் நினைக்கிறேன்" என்றார் டாக்டர். என் கண் கலங்கிவிட்டது. உடனே அவர், இதை யாரிடமும் சாட்சியாகக் காட்ட முடியாது என்றும் சொன்னார். கண்ணைத் திறந்தாலும் மனக்கணக்குப் போட்டாலும்கூட இதே அலை அடங்குமாம். நேர்மையான மனிதர். அந்த நேர்மையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

பட்டாளத்திலிருந்து கழித்துவிட்டு என்னை எங்கள் ஊர் சோழபுரத்துக்கு அனுப்பினார்கள். அப்பா முதல் உலகச் சண்டைக்குப் போய் அவில்தாராகத் திரும்பியவர். சண்டையிலிருந்து தப்பத் தன் விரலைத் தானே சுட்டுக்கொண்டவனைக் கண்ணால் பார்த்தவர். என் கையை அவர் பிடித்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், கீழே விட்டார். "எலும்பும் நல்லாருக்கு, தோலும் நல்லாருக்கு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

வாயால் சொல்லாததையெல்லாம் செய்து காட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு தேங்காயை என் வலது பக்கமாக வீசுவார். அது என் விலாவில் பட்டு விழும். கிணற்றடியில் ஒருநாள் முதுகுக்குப் பின்னால் வந்து பாம்பு என்று கத்தினார். நான் துள்ளி ஓடிச் சேற்றில் விழுந்து எழுந்தேன். பாம்பைக் காணோம், அப்பா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது கையால் சாப்பிடுகிறவனோடு ஒரே வரிசையில் உட்கார மாட்டேன் என்று தனியாகச் சாப்பிட்டார். அம்மா சோற்றை உருட்டி ஊட்ட வந்தால் நான் தட்டைத் தள்ளிவிடுவேன்.

மிஷினைப் பற்றி ஒருமுறை சொன்னேன். கடைசிவரை கேட்டார். "எங்களை ஏமாத்துத பய, அந்தப் பேனாவை ஏமாத்த எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார்.

அது என்னைத் தின்றது. ஒரு சந்தேகத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்தால் அது நமக்குள்ளும் குடிவந்துவிடும். தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து கையை மூட முயல்வேன். நிஜமாகவே முயல்கிறேனா, முயல்வதாக நினைக்க மட்டும் செய்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. மலைப்பாதைக்குத் திரும்பப் பயம் இல்லையென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? முடியாது. அந்தப் பயம்தான் கையைப் பிடித்து வைத்திருக்கிறதோ? அந்த நாட்களில் எனக்குச் சாகலாம்போல இருந்தது.

ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு வடம் பிடிக்க எங்கள் ஊர் ஆட்கள் வண்டி கட்டிப் போவார்கள். அம்மாவின் நச்சரிப்பால் நானும் போனேன். வடத்தை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அப்பா எனக்கு அடுத்து நின்றார். அந்தத் தேர் லேசில் நகராது, நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும். அன்றைக்குத் தெற்கு ரத வீதியில் சக்கரம் பதிந்து நின்றுவிட்டது. கோவிந்தா என்று கூவி இத்தனை ஊர் ஜனமும் சேர்ந்து இழுக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் தடி போட்டு நெம்புகிறார்கள். தேர் அப்படியே நிற்கிறது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்து, குதிகால் மண்ணில் புதைந்திருந்தது.

ஓரத்தில் கரும்பு கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த ஒருவன், "ஒருத்தனும் இழுக்கல. அம்புட்டுப் பேரும் சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கானுவ" என்றான்.

அப்பா திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏலே, தேரு நவுரலைன்னா நாங்க இழுக்கலைன்னு ஆயிருமா? இழுக்குதவனுக்குத் தெரியும்லே. ஓரத்துல நிக்குத ஒனக்கு என்ன தெரியும்?"

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என் தொங்குகிற கையைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு வடத்தை விட்டுவிட்டு என் வலது கையைத் தூக்கினார். வடத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து இறுக்கிக்கொண்டார்.

மறுபடி கூவினார்கள். எல்லாரும் சாய்ந்தோம். தேர் நகரவில்லை. என் விரல்களும் அசையவில்லை.

"இழுக்கியாலே?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இழுக்கேம்ப்பா."

"தெரியுது" என்றார்.