பாலேந்திராவின் புதுக் காட்

“ஸ்குரூ போட்டுப் பூட்டின எந்தச் சாமானும் எனக்கு முன்னால வாய் திறக்கும். இண்டைவரைக்கும் ‘இது எப்பிடி’ எண்டு நான் ஒருத்தரிட்டயும் போய்க் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டன்.”

லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு கலியாண மண்டபத்தில், சோறு வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்த பெரும் சபைக்கு முன்னால், பாலேந்திரா இந்தப் பிரகடனத்தை மைக்கில் செய்தார். அந்த மைக் சற்று முன்புவரை செத்துக் கிடந்தது. கழற்றி உயிர் கொடுத்தவர் தாமே என்பதால் அதில் முதலில் பேசும் உரிமையும் தமக்கே என்று அவர் கருதினார். மணமக்களை வாழ்த்த வந்த பெரியவர் கையில் கடதாசியோடு ஓரமாக நின்று, தாம்பத்தியம் பற்றித் தாம் எழுதி வந்ததை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பேச்சில் பொய் அதிகமில்லை. விமான நிலைய ஊழியர்களைக் கார் பார்க்கிலிருந்து டெர்மினலுக்கு ஏற்றி இறக்கும் பஸ்ஸின் சாரதி அவர். வேலை முடிந்து வந்தால் கையில் ஸ்குரூ டிரைவர். வீட்டில் தூசு உறிஞ்சும் ஹூவர், தையல் மெஷின், பக்கத்து வீட்டுப் போலந்துக்காரரின் புல் வெட்டும் மெஷின் எல்லாம் அவரால் பிழைத்தவை. பிழைக்காதவை பற்றியும் அவரிடம் தெளிவான தீர்ப்பு ஒன்று இருந்தது. அது செய்தவனின் பிழை.

அந்த வீட்டில் திருத்த முடியாமல் கிடந்தது ஒன்றே ஒன்று. அதற்கு ஸ்குரூ கிடையாது.

மகள் சாருஜா வடக்கே தொலைவில், நியூகாசிலில் வேலை எடுத்தபோது தாய்க்கு மட்டும் சொன்னாள். தகப்பன் தடுப்பார் என்று பயம். அவருக்கு விஷயம் தெரிந்தது, சாமான் ஏற்ற வான் வாசலில் வந்து நின்ற பிறகு. சொல்லாமல் போகிறவர்கள் சொல்லாமலே இருக்கட்டும் என்றார். அவளும் அவருடைய மகள்தானே. அப்படியே இருந்தாள்.

அன்றிலிருந்து அவருடைய மனைவி வசந்தமலர் அந்தக் குடும்பத்தின் ரெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆனார். அங்கிருந்து, அப்பா பிரஷர் குளிசை போடுகிறாரோ என்று வரும். இங்கிருந்து, அங்கே சரியான குளிராமே என்று போகும். இரு தரப்பும் அந்தக் கேள்வி தங்களுடையதல்ல என்ற பாவனையைக் கடைசிவரை கைவிடவில்லை. வல்லரசுகள்கூட இவ்வளவு ஒழுங்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திவைப்பதில்லை.

ஒருநாள் புட்டுப் பரிமாறிக்கொண்டே வசந்தமலர் ஒரு செய்தி சொன்னார். பிள்ளை ஞாயிறு முழுக்கக் கொம்பியூட்டரில் விளையாடுகிறாளாம். தீவு ஒன்றில் வீடு கட்டி, கத்தரியும் பூசணியும் நட்டிருக்கிறாளாம். ஆரும் வந்து கேற்றில் மணி அடித்தால் திறப்பாளாம்.

“ஆரும் வரலாமோ?” என்று பாலேந்திரா கேட்டார்.

“ஆரும் வரலாமாம்.”

அவர் புட்டுக்கு மேலும் கொஞ்சம் சம்பல் போட்டுக்கொண்டார். நியூகாசிலுக்குப் போய் மகளின் கதவைத் தட்டுவது தோல்வி. தீவுக்குப் போய் மணி அடிப்பது அப்படியல்ல. அதைச் சும்மா அந்தப் பக்கம் போன இடத்தில் எட்டிப் பார்த்ததாகச் சொல்லிவிடலாம். ஒரு தகப்பனின் மானத்துக்கு இத்தனை தோதான பாதையை எந்த ரெயில் கொம்பனியும் இதுவரை போட்டுக் கொடுத்ததில்லை.

மகளின் அறையில், அவள் பள்ளிக்கூடம் படித்த காலத்துக் கொம்பியூட்டர் துவாய் போர்த்தி இருந்தது. துவாயை எடுத்து, விளையாட்டை இறக்கி, பொத்தானை அழுத்தினார். திரையில் வந்தது தீவு அல்ல, ஒரு மறுப்பு. இந்தக் கொம்பியூட்டரில் உள்ள கிராபிக்ஸ் கார்ட் பழையது, இதைக்கொண்டு உள்ளே வர முடியாது.

கிராபிக்ஸ் கார்ட் என்பது கொம்பியூட்டருக்குப் படம் வரைந்து கொடுக்கும் பலகை. நம்மவர் வாயில் அது வெறும் ‘காட்’. தொல்லை அங்கேதான் தொடங்கியது. பாலேந்திராவும் வசந்தமலரும் பாரிஸில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர்கள். அங்கே ‘காட்’ என்றால் உலகத்தில் ஒன்றுதான், வதிவிட அனுமதி. காட் கிடைத்தவர் மாப்பிள்ளை ஆவார். கிடைக்காதவர் அடுத்தவரின் கலியாணத்தில் சோறு பரிமாறுவார். அந்தச் சொல்லைக் கேட்டால் வசந்தமலர் இன்றைக்கும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்.

அப்படிப்பட்டவரின் குசினி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பாலேந்திரா இரகசியமாகப் போன் பேசினார். ரெய்னர்ஸ் லேனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் டிலுக்சனோடு.

“காட் பழசாப் போச்சு. சிஸ்டம் ஏத்துக்கொள்ளுதில்லை. புதுசு இல்லாட்டி உள்ளுக்கு விடாதாம். ஓம், ஓம், மனுசிக்குத் தெரியாது.”

உள்ளே வசந்தமலரின் கையிலிருந்த கறிவேப்பிலை நெட்டு அப்படியே நின்றது.

அடுத்த ஓய்வு நாளில் அவர் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் வெளிக்கிட்டார். நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் போகிற தமிழன் லோயரிடம்தான் போகிறான் என்பது வசந்தமலரின் அனுபவம். அவர் சாமி அறையில் விளக்கை ஏற்றினார்.

பாலேந்திரா அக்டன் டவுனில் ரெயில் மாறி, ரெய்னர்ஸ் லேனில் இறங்கினார். கொம்பியூட்டருக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது, மின்சாரம் கொடுக்கும் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று டிலுக்சன் விசாரித்தான். எல்லாம் தெரியும் என்று அவர் சொன்னார். இப்படிச் சொன்ன பலரைக் கண்ட அனுபவத்தால் அவன் அந்தப் பதிலை நம்பாமல், எடுத்து வைத்திருந்த பெரிய காட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கும், தனி வயர் கேட்காத சின்னக் காட் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தானே வந்து பூட்டித் தரட்டுமா என்றும் கேட்டான்.

“தம்பி, நீர் என்னை முந்திச் சந்திச்சதில்லைப் போல,” என்றார் பாலேந்திரா.

வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்தபடி மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி உண்மையிலேயே அழகான வேலை. வயர்களைக் கழற்றி, கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைத் திறந்தார். ஏ லெவல் சோதனைக்குப் படிக்கிறேன் என்று மகள் இராப்பகலாக இருந்த காலத்துத் தூசு முழுக்க உள்ளே கிடந்தது. அதைப் பெயின்ற் பிரஷால், காயம் துடைப்பதுபோல, மெதுவாகத் தட்டி எடுத்தார். பழைய காட்டின் நுனியில் இருந்த சின்னக் கொக்கியை விரலால் அமத்தி, நோகாமல் இழுத்தார். புதியதை வைத்து அழுத்தினார். ‘டிக்’ என்றது. ஸ்குரூவைப் பூட்டினார். ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு மேசைக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவி, வயர்களைத் திரும்பச் செருகினார். திரையின் வயர் கொள்ளக்கூடிய ஓட்டைகள் அங்கே இரண்டு. மேலே இருப்பது கொம்பியூட்டரின் சொந்த ஓட்டை. கீழே இருப்பது புதுக் காட்டின் ஓட்டை. காட் பூட்டியபின் மேலதற்குப் பேச்சில்லை, படம் கீழதால்தான் வரும். கைக்கு முதலில் அகப்பட்டது மேலது.

பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. லைற் எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

காட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். கறுப்பு. பிரஷால் இன்னொரு முறை தட்டினார். கறுப்பு. அதைச் செய்த கொம்பனியைப் பற்றித் தமிழில் சில கருத்துகள் சொன்னார். கொம்பனிக்குத் தமிழ் விளங்கவில்லை.

அந்த நேரத்தில் குசினியில் எக்ஸ்சேஞ்ச் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அப்பாவின் காட்டில் ஏதோ பிரச்சினை, லோயரிடம் போய் வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார், நாட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று வசந்தமலர் நியூகாசிலுக்கு அழுதுகொண்டு சொல்லி முடித்தார்.

பாலேந்திராவின் போன் அடித்தது. திரையில் சாருஜா என்று இருந்தது. அந்தப் பெயர் அங்கே தெரிந்து மாசக்கணக்கு. எழும்பி நின்றுதான் எடுத்தார்.

“அப்பா.”

“ம்.”

“காட்டில என்ன பிரச்சினை? லோயரிட்ட போனீங்களாம். ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“லோயரோ? நான் ரெய்னர்ஸ் லேனுக்கெல்லோ போனனான்.”

“அம்மா அங்க அழுறா. உங்களை உள்ளுக்கு விடமாட்டினமாம் எண்டு.”

“ஆர் விடாதது? உன்ர தீவுதான் என்னை விடுதில்லை.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

“என்ர தீவோ?” என்றாள் சாருஜா.

“ஆரும் வரலாமெண்டு கொம்மா சொன்னவ. பூசணி நட்டிருக்கிறியாம். ஒருக்கா மணி அடிச்சுப் பார்ப்பம் எண்டு… இந்தக் கொம்பியூட்டருக்குக் காட் காணாதாம். அதுதான் வாங்கினனான்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது அழுகையா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“நீங்களே பூட்டினீங்களோ அப்பா?”

“நான்தான்.”

“இப்ப படம் வருதோ?”

எல்லாம் சரி, கொம்பனியின் பிழை, நாளைக்குக் கொண்டுபோய் மாற்றப்போறன் என்கிற வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. பாலேந்திரா முழங்காலை மடித்து மேசைக்குக் கீழே இறங்கினார். போனில் வீடியோவைப் போட்டு, கமராவைக் கொம்பியூட்டரின் முதுகுப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“இல்லைப் பிள்ளை. கறுப்பாத்தான் கிடக்குது. எனக்கு விளங்கேல்லை,” என்றார். “இது எப்பிடியெண்டு நீ ஒருக்காப் பார்த்துச் சொல்லு.”