அன்பளிப்பாகப் போன கேரம் போர்டு

எங்கள் முதலாளிக்குத் தெரிந்த சுங்கச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: “கிஃப்ட்டுன்னு போடு.” ராயபுரத்தில் கேரம் போர்டு செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கடை. ஆர்டர் வாங்குவதும், அனுப்பியபின் திட்டு வாங்குவதும் என் வேலை. விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுத ஒரு முகம் வேண்டும். அந்த முகம் காலையில் சந்தனப் பொட்டோடு கடைக்கு வரும்.

வியாசர்பாடியில் பிறந்து கனடாவில் குடியேறிய பெண் ஒருத்தி, தன்னோடு வந்து தங்கிவிட்ட அப்பாவுக்காக ஒரு போர்டு வாங்கினாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர்.

“அப்பா யாராண்டயும் பேசறதே இல்லக்கா. கேரம் இருந்தா பக்கத்து வூட்டுக்காரங்களையாவது கூப்ட்டு ஆடுவாரு. வரி கிரி எதுனா கேப்பானுங்களா?”

முதலாளி போனைப் பிடுங்கினார். “ஒரு பைசா கேக்கமாட்டான்மா. அல்லாம் நாங்களே கட்டிட்டோம்.” அவர் கட்டியது பெட்டிக்குக் கயிறு மட்டும்தான்.

பெட்டிமேல் ‘அன்பளிப்பு, பழைய பலகை’ என்று எழுதச் சொன்னார். பிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்றேன். “எவன் பிரிக்கப்போறான்? உனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

கனடா சுங்கத்தில் பிரித்தார்கள். உள்ளே பளபளவென்று புதுப் போர்டு. வரியைப் போட்டு, வாசலில் வசூலிக்கச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். எல்லாம் கட்டியாயிற்று, யாருக்கும் ஒன்றும் கொடுக்காதே என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். பெட்டியோடு வந்து பணம் கேட்டவனை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

பெட்டி சென்னைக்கே திரும்பியது. இங்கிருந்து விற்றுப் போனதற்கு நம் சுங்கத்துறை காகிதம் கேட்டது. அன்பளிப்புக்கு ஏது காகிதம்? காகிதம் இல்லாததால் அது வெளிநாட்டுச் சரக்காகிவிட்டது. பக்கத்துத் தெருவில் இழைத்த போர்டுக்கு இறக்குமதி வரி கட்டினார் எங்கள் புத்திசாலி. என் வயிறு குளிர்ந்தது. மறுநாளே அதில் ‘இம்போர்ட்டட்’ என்று சீட்டு ஒட்டி, கூடுதல் விலைக்கு விற்றுவிட்டார். வாங்கியவன் தடவிப் பார்த்து, “ஃபாரின் கட்ட ஃபாரின் கட்டதான் மாமு” என்று தூக்கிக்கொண்டு போனான்.

அன்று மாலை கனடாவிலிருந்து அவள் கூப்பிட்டாள். “வரிய நானே கட்டிடறேன்க்கா, அதையே திரும்ப அனுப்பிடுங்க. வந்தது உன் போர்டுதாம்ப்பான்னு சொன்னதுலேர்ந்து ஜன்னலாண்டயே குந்திகினு கீறாரு.”

கப்பலில் இருப்பதாகச் சொல் என்று முதலாளி ஜாடை காட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “அத வித்துட்டாரும்மா” என்றேன். போனை அவர் கையில் வைத்தேன்.

“அப்பாவாண்ட இன்னான்னு சொல்றது?” என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.